நாற்பத்தோராவது உறை

கொக்குவில் ரியூசன் சென்ரரின் மேல்மாடி.
ஞாயிறு பின்னேரம், ஓ.எல். பிள்ளைகள் போன பிறகு
மின்விசிறியை நிறுத்திவிட்டு
நாலுபேர் உட்காருவோம்.
தாள் பறக்கக்கூடாது.
எங்கள் ஆய்வுகூடம் அவ்வளவுதான்.

உறைக்குள் என்ன படம் என்று பார்ப்பவருக்குத் தெரியாது,
வெளியே நான் எழுதிய எண் மட்டும்.
இன்னொரு விதி: பெயர் சொல்லாதே.
'கோயில்' என்றால் மூளை அவசரப்பட்டுவிட்டது.
சொரசொரப்பு, சரிவு, ஈரம், உப்பு,
அப்படிச் சொல்லு.
பெயர் வந்த இடத்தில் பார்வை முடிந்துவிடும்.

நான் பார்ப்பதில்லை, எண்ணுகிறவள்.
புள்ளிவிபரம் படித்ததால் உறை ஒட்டுவதும்
சரி பிழை போடுவதும் என் வேலை.
நாற்பது அமர்வு. ஒவ்வொன்றுக்கும் நாலு படம், ஒன்றுதான் இலக்கு.
எங்களுக்குப் பதினொன்று சரி.
கண்ணை மூடிக் கல்லெறிந்தாலும் பத்து விழும்.
இதைச் சொன்னால் பத்மலோசனி ரீச்சர்
"அப்ப அந்த ஒண்டு?" என்பா.
அந்த ஒன்றுக்காகத்தான் எல்லாரும் வருகிறோம்.

அல்பிரட் மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவன்.
குருநகர். என்னைவிடப் பத்து வயது இளமை.
ஆயிரம் கேற்றுக்கு வெளியே நின்று
நாய் நித்திரையா என்று காதுகுடுத்துப் பழகியவன்.

நாற்பத்தோராவது உறையில் நான் களவு செய்தேன்.
படம் வைக்கவில்லை.
கட்டுவனில் எங்கள் காணியின் உறுதி இலக்கத்தை
ஒரு துண்டில் எழுதி மடித்து வைத்தேன்.
தொண்ணூறில், ஒன்பது வயதில் விட்டது.
முள்ளுக்கம்பிக்கு அங்கால்.
கைபேசியில் மேலிருந்து பார்க்கலாம்;
பெருப்பிக்கப் பெருப்பிக்கப்
பச்சைச் சதுரங்களாக உடைந்துபோகும்.
அம்மா ஒருமுறை அளவெட்டிக்கு மை பார்க்கப் போனா.
வெற்றிலையை வெளிச்சத்துக்குச் சரித்து
"வீடு நிக்குது" என்றாராம் அந்த மனுசன்.
ஐந்நூறு ரூபாய்.

அல்பிரட் கண்ணை மூடினான்.
"நேர்கோடு. கனக்க நேர்கோடு.
கீழை வழுவழுப்பு, மேலை ஒண்டுமில்லை.
இரும்பு. ஆனா சுடுது.
ஆரோ படுத்திருக்கினம்.
பகலிலை."
பிறகு வெகுநேரம் ஒரே செவ்வகத்தைக் கீறிக்கொண்டிருந்தான்,
பென்சில் முனை உடையும்வரை.

அன்றிரவு நானும் கீறினேன், ஒப்பிட வேண்டுமே.
இடப்பக்கம் கிணறு. கிணற்றோடு மாமரம்.
படி மூன்று. குசினிச் சுவர் நீலம்.
எல்லாவற்றுக்கும் எனக்குப் பெயர் தெரிந்திருந்தது.

ஏழு மாதம் கழித்துக் காணி விட்டார்கள்.
தாளையும் சிவப்புப் பேனையையும் கொண்டுபோனேன்.

கிணறு வலப்பக்கம்.
மாமரம் எங்களுடையதே இல்லை, பக்கத்துக் காணியில் நின்றதாம்.
படி இரண்டு.
நீலம் தேடச் சுவர் வேண்டும்.
பதினாலுக்கு மூன்று.
இருபத்தெட்டு வருசம் இரவிரவாகப் பார்த்த இடம்.
அதற்குக் கல்லெறிந்தாலே போதும்.

மிஞ்சியது நிலம் மட்டும்,
சிவப்புச் சீமெந்து, மினுக்கம் போகாமல்.
நடுவில், யாரோ விட்டுப்போன இரும்புக் கட்டில்.
கட்டிலில், பன்னிரண்டு மணி வெயிலில்,
ஒரு நாய்.
எழும்பவில்லை.
ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பியது.

நேர்கோடு, சரி. வழுவழுப்பு, சரி.
கட்டில் சட்டத்தைத் தொட்டுக் கையை இழுத்தேன். சரி.
'ஆரோ' என்ற சொல்லில் பேனை நின்றது.

நாயை ஆரோ என்று எண்ணலாமா?
எண்ணினால் நாளைக்கு எதையும் எண்ணுவேன்.
எண்ணாவிட்டால்
இத்தனை வருசம் முறைவைத்து
இந்தக் கட்டிலில் படுத்தெழும்பியவர்களை
எந்த நிரலில் போடுவது?
அவர்களும் கண்ணை மூடி
எங்கேயோ ஒரு வீட்டைப் பார்த்திருப்பார்கள்,
கிணற்றைப் பக்கம் மாற்றி வைத்து.

கேள்விக்குறி போட்டேன். பிறகு அதையும் வெட்டினேன்.
படமில்லாத உறை செல்லாது. விதி என்னுடையது.

அடுத்த ஞாயிறு சைக்கிளைப் பூட்டிக்கொண்டே கேட்டான்:
"அக்கா, அந்த நாப்பத்தொண்டு என்னமாதிரி?"

"இன்னும் உடைக்கேல்லை" என்றேன்.
மின்விசிறியை நிறுத்தப் போனேன்.