உடைவு: ஒன்று

புளூமெண்டால் வீதிப் பண்டகசாலையில்
பன்னிரண்டு போத்தலில் ஒன்று உடைந்திருந்தது.
ஹோட்டலுக்கு வந்த சாம்பிள்.
கறுத்த பியர், பத்தரை வீதம்.
லேபிளில் தொந்தியோடு சிரிக்கும் ஒரு துறவி.

உற்பத்தி நாடு: அமெரிக்கா.
வகை: பெல்ஜியம்.
"ரெண்டில் எது? ஒன்றைச் சொல்லும்,"
வீரக்கொடி மாத்தயா பேனையைத் தட்டுகிறார்.

ஈர மட்டைப்பெட்டியை முகர்ந்தேன்.
கருகிய கித்துள் கருப்பட்டி, முந்திரிகை வற்றல், கராம்பு.
டிசம்பரில் கொட்டாஞ்சேனை மாடிப்படிகளில்
கேக் வேகும்போது இறங்கி வருமே, அது.

கொலராடோக்காரன்
ஒரு குளிர்காலம் அங்கே போயிருப்பான்.
மடத்து ஈஸ்ட்டைக்
கோட்டுப் பையில் போட்டு வந்திருப்பான்.
பிறகெல்லாம் அவன் மலைத் தண்ணீர்,
அவன் அவசரம்.

நான் பிறந்தது பொரளை, சொய்சா ஆஸ்பத்திரி.
சான்றிதழில், தகப்பனின் இனம் என்ற கட்டத்தில்
இந்தியத் தமிழர் என்று இருக்கிறது.
அப்பா கப்பலே ஏறியதில்லை.
கடற்காற்றுக்கே தலை சுற்றும் அவருக்கு.

இரண்டையும் எழுதினேன்.
கட்டம் போதவில்லை,
கடைசி எழுத்துகள் ஓரத்தில் சரிந்தன.

நாளை போயா. கடைகள் பூட்டு.
மாத்தயா கதவைப் பார்த்தார்,
கண்ணாடித் துண்டில் தேங்கியதைச்
சுண்டுவிரலால் தொட்டு
நாக்கில் வைத்தார்.

"சீனி கூட," என்றார்.
முத்திரை குத்தினார்.