ஸ எங்கே உட்கார்ந்திருக்கிறது

எனக்குப் பாட வராது.
ராயப்பேட்டையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன்.
நரம்பு தட்டுப்படாத கைகள் வந்தால்
மேளகர்த்தா வரிசையை மனசுக்குள் ஓட்டுவேன்.
சிலருக்கு மூன்றாம் சக்கரத்துக்குள் கிடைத்துவிடும்.
ஒரு வாலிபனுக்கு
ரசிகப்பிரியா வரை போக வேண்டியிருந்தது.

இரண்டாம் ஞாயிறுகளில்
29சி-யில் ஏறி, அதாவது சங்கராபரணத்தில் ஏறி,
லஸ்ஸில் இறங்குவேன்.
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
பாழான பிரதிகளின் முதுகில் கேள்விகள்.
இந்த மாதம் என் தாளின் மறுபக்கம்
யாருடையதோ வில்லங்கச் சான்று:
தெற்கே பதினெட்டடிப் பாதை,
வடக்கே வழக்கு.

மதியழகி வீட்டுக்குப் பழைய எண் 22, புது எண் 65.
"கரகரப்பிரியாவில் பிறந்தேன்,
கார்ப்பரேஷன்காரன் கல்யாணி ஆக்கிவிட்டான்"
என்று மாதாமாதம் சொல்கிறாள்.
மாதாமாதம் சிரிக்கிறோம்.

இன்சூரன்ஸ் சர்வேயர் பாஷ்யம் இந்த முறை கேள்விக்காரர்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தார்:
"ஒரு வீடு. ஐந்தே பேர்.
ரேஷன் கார்டில் யாரைக் குடும்பத்தலைவர் என்று எழுதுகிறோமோ
அதைப் பொறுத்து வீட்டின் பெயர் மாறும்.
ஆள் மாறவில்லை. யாருக்கும் யாருக்கும் உள்ள தூரம் மாறவில்லை.
ஐந்து பெயரும் சொல்லுக."

"கனராக பஞ்சகம்" என்றார் இம்தியாஸ்.
ஏசி மெக்கானிக்; எதையும் முதலில் திறந்துவிடுவார்.
பாஷ்யம் தலையாட்டினார், பக்கவாட்டில்.
"ஐந்து ஜாதி. திஸ்ரம், சதுஸ்ரம்..."
இல்லை.
நாகப்பன், ஹார்டுவேர் கடை,
பஜ்ஜியைப் பிட்டபடி "பஞ்சமம்" என்றார்.
எல்லாக் கேள்விக்கும் ஒருமுறை பஞ்சமம் சொல்வார்.
வருஷத்துக்கு இரண்டு தடவை சரியாகவும் இருக்கும்.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஜூன் மாதம், மின்விசிறி நின்ற அறை, ஆறு உடம்பு.
நாகப்பன் முனகிக்கொண்டே ஜன்னல் பக்கம் நகர்ந்தார்.
அங்கிருந்த எஸ்தர் அடுத்ததுக்கு,
எஸ்தருக்காக இம்தியாஸ், இம்தியாஸுக்காக மதியழகி,
கடைசியில் நான்:
வட்டமாய் ஆளுக்கொரு நாற்காலி தள்ளினோம்.
அதே ஐந்து பேர்,
அதே பக்கத்து ஆள் பக்கத்தில்.
ஆனால் இப்போது
தலைமாட்டில் நான் இருந்தேன்.

பாஷ்யத்தின் உச்சி வழுக்கையை
இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை.

"மோகனம்" என்றேன்.
என் குரல் எனக்கே சற்று உயரமாய்க் கேட்டது.
"ரி-யை ஸ என்று வைத்தால்?"

எஸ்தர் ஞாயிறு காலைகளில் சாந்தோமில் கீபோர்டு வாசிப்பவள்.
செல்போனில் பியானோவைத் திறந்து
கறுப்புக் கட்டைகளை மட்டும் தொட்டாள்.
ஐந்தே கட்டை.
இங்கே தொடங்கினால் மோகனம்.
ஒன்று தள்ளினால் மத்தியமாவதி.
("மங்களமா? எழுந்துக்கலாமா?" நாகப்பன்.)
இன்னொன்று தள்ளி, இந்தோளம்.
இருட்டில் அவள் முகம் மட்டும் நீலமாய் இருந்தது.
சுத்த சாவேரி வரும்போது
கீழே ஜெராக்ஸ் பையனும் மாடிப்படியில் நின்றுவிட்டான்.

ஐந்தாவதில்தான் சண்டை.
சுத்த தன்யாசி என்றேன் நான்.
உதயரவிச்சந்திரிகா என்றார் இம்தியாஸ்.
இரண்டும் ஒன்றே என்றாள் எஸ்தர்.
அதெப்படி ஒன்றாகும் என்று எழுந்தே நின்றார் பாஷ்யம்,
கேள்வியைப் போட்டவர்.
நாற்பது நிமிஷம்.
நடுவில் கரண்ட் வந்ததையும் கவனிக்கவில்லை.

பரிசு, நாகப்பன் கடை டெஸ்டர் ஒன்று.
என் கைப்பையில் இருக்கிறது.

திங்கட்கிழமை, வெறும் வயிற்றில் ஒரு வாத்தியார்.
இடது கையில் குத்த இடமில்லை, வலது கையிலும்.
நாற்காலியைத் திருப்பிப் போட்டு
வெளிச்சம் தோளுக்கு அந்தப் பக்கமிருந்து வர உட்காரவைத்தேன்.
முழங்கை மடிப்பில்
மெல்லிய பச்சைக் கோடு.
"சுத்த சாவேரி" என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் பயந்துபோய்க் கேட்டார்:
"அது சக்கரையா மேடம்?"