எடுப்புக் கட்டணம்

தடைக்காலத்து எட்டாயிரத்தில்தான் தொடங்கியது.
படகு கரையில். போனில் மட்டும்
பச்சைக் கோடு ஏறிக்கொண்டிருந்தது.

லீனா என்று பேர் சொன்னாள். சிங்கப்பூராம்.
"சாப்பிட்டீங்களாண்ணா" என்று தினமும் கேட்டாள்.
பாம்பனில் அப்படி என்னை யார் கேட்கிறார்கள்?

ஒருமுறை இரண்டாயிரம் எடுக்கவும் விட்டாள்.
அதில் மகளுக்குச் செருப்பு வாங்கினேன்.
அந்தச் செருப்பை நம்பித்தான்
நண்டுக் கம்பெனி அட்வான்ஸ் போட்டேன்,
பிரிஜித்தாவின் சங்கிலி,
பிறகு சங்கத்துக் கடன்.

நாற்பத்தொரு லட்சம் என்றது திரை.
எடுக்கப் போனால் வரி கட்டு என்றது.
படகின் பங்கை விற்றுக் கட்டினேன்.
வரிக்கு வரி என்றது.
சொறி ஏறிய மடிதான்,
இழுக்கும்போது நல்ல கனம்.

ராமநாதபுரம் சைபர் அறையில்
ஏட்டு கேட்டார், "இப்ப பணம் எங்கய்யா?"
"இந்தா இருக்கு சார்" என்று போனை நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.
"எனக்கு எண்பதாயிரம்" என்றார்,
"வீட்ல தெரியாது."

நேற்று ராத்திரி, அடுத்தவன் படகில்,
சிக்னல் அறுகிற இடம் வரைக்கும்
பார்த்துக்கொண்டே போனேன்.

நாற்பத்திரண்டு ஆகியிருந்தது.