அறிவிக்க ஏதாவது உண்டா

மூவாயிரத்து இருநூறு யூரோ. ஒருவருக்கு, ஒரு மாதத்துக்கு.
கோர்லிட்ஸ் நகரின் மூன்று இல்லங்களிலும்
அதே விலை, அதே எலுமிச்சை நிறச் சுவர்,
அதே காத்திருப்போர் பட்டியல்.
அப்பாவின் ஓய்வூதியம், அம்மாவுடையது,
டிராம் ஓட்டும் என் சம்பளத்தில் கிள்ளியது,
எல்லாம் சேர்ந்தும் ஒரு கட்டிலுக்குத்தான் காணும்.
யாருடைய கட்டில்?

காசெலிலிருந்து தங்கை ஃப்ரீடரூன் போனில் கேட்டாள்:
"போலந்துக்கா? அம்மாவை ஏற்றுமதி செய்யப் போகிறாயா?"
வருடத்துக்கு ஒரு பூங்கொத்து அனுப்புகிறவள்.
இதை நான் சொல்லவில்லை.
சொல்லாதது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்,
போனை வைத்துவிட்டாள்.

நைசே ஆற்றைத் தாண்டி இருபத்தாறு கிலோமீட்டர்.
முதலில் தனியாகத்தான் போனேன்.
வாடகைக்கு வீடு பார்ப்பவன் மாதிரி
குழாயைத் திறந்து, சுடுநீர் வரும்வரை எண்ணினேன்: பதினொன்று.
படிக்கட்டின் மூலையில் நின்று
மூத்திர வாடை இருக்கிறதா என்று மூச்சிழுத்தேன்.
இருந்தது, கொஞ்சம். எங்கள் ஊரிலும் இருந்தது.
இரவில் எத்தனை பேர் வேலைக்கு? முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு இரண்டு.
ஜெர்மன் யாருக்குத் தெரியும்? இருவருக்கு. இன்னொருத்திக்குப் பாதி.
ஒருவருக்கு ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பது.
பெருக்கிப் பார்த்தேன்.
இரண்டு கட்டில், ஒரே அறை, நூறு யூரோ மிச்சம்.
மிச்சம் என்று வாயில் வந்ததும்
திரும்பிப் பார்த்துக்கொண்டேன், யாராவது கேட்டார்களா என்று.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்.
எல்லைப் பாலத்தில் அம்மா பத்தொன்பது வருடம் சுங்க அதிகாரி.
பழைய நாடு இருந்த காலம், சாம்பல் சீருடை.
போலந்துப் பெண்களின் பைகளைக் கவிழ்த்துப் பார்ப்பாள்.
குழந்தை ஷூ இரண்டு ஜோடி இருந்தால்
இரண்டாவது மேசைக்கு வந்துவிட வேண்டும்.
அழுதவர்களைப் பற்றி வீட்டில் பேசியதில்லை.
ஒரே ஒரு முறை,
பெரிய ஷூவுக்குள் சின்னதை ஒளித்து வந்த ஒருத்தியைச் சொல்லிச் சிரித்தாள்.
பிறகு சாப்பிடாமல் எழுந்து போனாள்.

இப்போது என் பெயர் அவளுக்குத் தெரியாது.
மேசையைக் கண்டால் நிமிர்ந்து உட்காருகிறாள்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும்,
காதும் முழங்காலும்தான் போயிருக்கின்றன.
சமையலறையில் காகிதங்களைப் பரப்பினேன்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
நேராகக் கடைசி வரிக்குப் போனார், தொகைக்கு.
"இங்கே என்றால் அவள் மட்டுமா?"
"ஆமாம்."
"அங்கே?"
நான் வாயைத் திறப்பதற்குள்
அலமாரியின் மேலிருந்த சூட்கேஸை அண்ணாந்து பார்த்தார்.

மார்ச் முதல் தேதி, ஆலங்கட்டி மழை.
பாலத்தில் இப்போது சாவடி இல்லை, யாரும் நிறுத்துவதில்லை.
"மெதுவாக" என்றாள் அம்மா.
மெதுவாகப் போனேன். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

பாதி ஜெர்மன் தெரிந்தவள் பெயர் ஹல்ஷ்கா.
காலையில் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல்
அம்மாவின் மேசைக்கு முன்னால் நிற்கிறாள்.
"அறிவிக்க ஏதாவது உண்டா?"
நொறுங்கிப்போன அம்மாவின் பேச்சில்
அந்த ஒரு வாக்கியம் மட்டும் இஸ்திரி கலையாமல் இருக்கிறது.
ஹல்ஷ்கா பையைத் திறக்கிறாள்:
பஸ் சீட்டு, சாவி, மடித்த ஏப்ரன், ஓர் ஆப்பிள்.
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள் அம்மா.
சில நாள் ஆப்பிள் பறிமுதலாகிறது.
பதினோரு மணிக்கு அதை ஹல்ஷ்காவே நறுக்கி
இரண்டு கட்டிலுக்கும் கொடுக்கிறாள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
"என் அம்மாவும் அந்தப் பாலத்து வரிசையில் நின்றவள்" என்றாள்.
அதற்கு மேல் அவளுக்கு ஜெர்மன் போதவில்லை,
அல்லது அவ்வளவு போதும் என்று நினைத்தாள்.

அப்பா ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டிருக்கிறார்.
நூறு யூரோ பெட்ரோலுக்குச் சரியாகிவிடுகிறது.