பால்கனியில் துணி

கம்ப்யூட்டருக்கு என்னை
இரண்டாயிரத்து ஒன்பதிலிருந்துதான் தெரியும்.
அதற்கு முன்னே எங்கிருந்தீர்கள் என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
மரியாதையாகத்தான் கேட்டார் அந்த ஓமானி இளைஞர்.
சட்டையில்லை, வெள்ளை திஷ்தாஷா;
மேசைப் பலகையில் பெயர் சயீத்.

இங்கேதான் என்றேன்.
அல் குப்ராவில், பேக்கரிக்குப் பின்சந்தில், இரண்டாம் மாடியில்.
இந்த ஊரில் பால் விலை ஏறியபோதெல்லாம் இருந்தேன்.
தாளில்? என்றார்.

தாள் வெள்ளத்தோடு போனது.
கோனு புயல் வந்த ஜூனில்
கணவரின் கம்பெனிக் கீழ்த்தளத்து இரும்பு அலமாரி
மூன்று நாள் சேற்றுநீர் குடித்துக் கிடந்தது.
பழைய பாஸ்போர்ட், நான் வந்து இறங்கிய முத்திரை,
எல்லாம் ஒரே கூழ்.
திறந்தபோது அடித்தட்டில் ஒரு சின்ன மீன் கிடந்ததாம்.
சயீத் தலையாட்டினார்.
அவர் அப்பாவின் காரும் அந்த வெள்ளத்தில்தான் போனது.
ஆனாலும் இருபது வருடத்துக்கு
நான்கு வருடம் குறைகிறது, சிஸ்டர்.

வீட்டுக்கு வந்து என்னைத் தேடினேன்.
கரண்ட் பில் கணவர் பேரில்.
வாடகை கம்பெனி பேரில்.
என் பேரில் இந்த நாட்டில்
ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூட வாங்கப்படவில்லை.
மொய்தீன் கடைப் பற்றுநோட்டில் இருக்கிறேன்,
"ரெண்டாம் மாடி, தயிர், முன்னூறு பைசா" என்று.
பல் டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில்
என் கடைவாய்ப் பல் அப்படியே இருக்கிறது,
தேதி ஒட்டிய ஸ்டிக்கரில் மை பறந்துவிட்டது.
பிரசவத்துக்கு நாகர்கோவில் போனதால்
மகளும் சாட்சியில்லை.

குடும்ப விசாவில் அச்சடித்திருந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம்:
வேலை செய்ய அனுமதியில்லை.
செய்தேன்.
அதற்கு ரசீது கிடையாது.

"நான் எழுதித் தர்றேனே,
என் பொண்டாட்டி இங்கதான் இருந்தான்னு" என்றார் கனகராஜ்.
கணவன் கையெழுத்து மட்டும் செல்லாது என்றான்
டைப்பிங் சென்டர் பையன்.
உண்மையைச் சொன்னால்
அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

பிறகு ஒரு இரவு, பொத்தான் தேடி
நீடோ டப்பாவைக் கவிழ்த்தபோது
நான்காய் மடிந்து விழுந்தது அது.
நகராட்சி அபராதச் சீட்டு.
நவம்பர் பதினான்கு, இரண்டாயிரத்து நான்கு.
அவர் சைட்டுக்குப் போயிருந்தார்; கதவைத் திறந்தது நான்.
பேர் என்ன என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.
எழிலரசி.
அரபியில் ழ இல்லை.
மூன்று தடவை சொல்லவைத்து,
பேனாவை உதறி,
வலமிருந்து இடமாக எழுதினார்.
இந்த நாட்டில் என்னிடம் பேர் கேட்டு
நின்று எழுதிக்கொண்ட முதல் ஆள்.

சயீத் சீட்டை விளக்குக்கு நேரே பிடித்தார்.
இலில்அரஸி, என்று வாசித்தார். இது நீங்களா?
நான்தான்.
குற்றம்: தெருவுக்குத் தெரியும்படி பால்கனியில் துணி காயப்போட்டது.
கட்டிவிட்டீர்களா?
இருபது ரியால். அந்த மாதம் மீன் வாங்கவில்லை.
சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரை குத்தினார்.
குத்தும்போது மேசை ஒருதரம் ஆடியது.

மூலத்தை ஃபைலில் வைத்துக்கொண்டார்,
எனக்குக் கிடைத்தது நகல்.
டாக்ஸியில் அதை மடியில் விரித்துப் பார்த்தேன்.
என்ன துணி என்று எழுத அதில் இடமில்லை.
மகளுடைய அரைத்துணிகள், பதினொன்று.
அவர் பழைய வேட்டியைக் கிழித்து நானே ஓரம் தைத்தவை.
கடல் பக்கமிருந்து காற்று வந்து
எல்லாம் ஒரே திசையில் எழும்பி நின்றன.
கீழே தெருவில் ஒருவர்
தலையை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார்.