அடிக்குரல்

பாடாங் செராய் சந்தை முக்கு ஒட்டுக்கடையில்
ரொட்டி சானாய் வருவதற்குள்
எங்கள் பாட்டு வந்துவிட்டது,
அன்றைக்கு ஏழாவது தடவை.
"ஆர் அண்ட் பியாம்ல? அழுவுதா சிரிக்குதா?"
கடைக்காரர் கேட்டுக்கொண்டே தலையாட்டுகிறார்.

ஷர்வின் மேலே போகிறான்.
பிள்ளைகள் எச்சில் கையோடு கூடவே போகிறார்கள்.
லீனா மேரி 'நில்லேன்' என்பதை
ஒன்பது துண்டாக நறுக்கிப் பாடுகிறாள்.
நடுவில் ஜெயசீலன், குழம்புக்கு உப்பு மாதிரி.
நாலாவது ஆள் நான்.
கடை ஸ்பீக்கரில் நான் இல்லை.

கடையிலிருந்த கைத்தொலைபேசி எதிலும் இல்லை.
சின்ன ஸ்பீக்கருக்கு எட்டாத பள்ளத்தில்
கிடக்கிறதாம் என் குரல்.
பினாங்கு ஸ்டூடியோக்காரர் அன்றைக்கே சொன்னார்:
"தம்பி, ஒன்ன கேக்கணும்னா
வூஃபர் வாங்கணும் லா."

செம்பனை ஆலையில் எனக்கு பாய்லர் வேலை.
மூன்று வருடம் அதன் பக்கத்தில் நின்று
அது உறுமும் சுதிக்குக் கீழே
இன்னொரு சுதியைத் தேடிப் பிடித்தேன்.
ஷிப்ட் முடிந்து, காதில் பஞ்சோடு,
பந்துத் திடலின் பிளாஸ்டிக் நாற்காலிகளில்
நாலு பேரும் விரல் சொடுக்கி
நிறுத்தி நிறுத்திக் கட்டிய பாட்டு.
கொசு அதிகம். வரிக்கு இரண்டு அறை.
லீனா அதையே தாளமாக வைத்துக்கொண்டாள்.

இப்போது மூன்றாம் வாரமாய் முதலிடம்.
அம்மா ரேடியோவில் காதை ஒட்டி
"நீ எங்கடா வர்ற?" என்கிறாள்.
"இப்ப... இந்தா... இப்ப" என்று
சட்டியில் கெம்போங் மீனைத் திருப்பியபடி
நானும் கூடப் பாடிக் காட்டுகிறேன்.
"அது நீ இங்க பாடறது."
தப்பில்லை.

நேற்று இரவு பத்தரை,
தோட்டத்துச் சாலைமுனை, சிவப்பு விளக்கு, மழை.
என் மோட்டாருக்கு முன்னால்
பழைய மைவி ஒன்று,
கண்ணாடி எல்லாம் ஏற்றியபடி.
ஷர்வின் கேட்கவில்லை, லீனா இல்லை,
ஒரு சொல்கூட வெளியே வரவில்லை.
பின்பக்க நம்பர் தகடு மட்டும்
நடுங்கியது:
ஊம். ஊம்.
கொஞ்சம் தள்ளி
ஊம்.

நான்.

தகட்டில் ஒரு திருகு கழன்றிருந்தது.
உள்ளே யாரென்று தெரியவில்லை.
சீட்டுக்கடியில் பெட்டி வைக்க
இரண்டாயிரம் வெள்ளி கொட்டிய
எந்தத் தாமான் பிள்ளையோ.
கண்ணாடியைத் தட்டி
"அண்ணே, நம்பர் பிளேட்டு ஆடுது,
முடுக்கிடுங்க" என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.

பச்சை விழுந்தது. மைவி போய்விட்டது.
தார் வழியே, டயர் வழியே,
ஹேண்டல் பிடித்த உள்ளங்கைக்குள்
இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.
பின்னாலிருந்த லோரிக்காரன்
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்,
எங்கள் சுதிக்குச் சேராமல்.