நகரும் நிறுத்தம்

தற்காலிகம் என்று சொல்லி
இரண்டு வருடத்துக்கு முன் வைத்துவிட்டுப் போன கம்பம்.
சிமெண்டுப் பாதம், மஞ்சள் வட்டம், நடுவில் பச்சை எழுத்து.
நேர அட்டவணை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு தொலைபேசி எண்:
ஒரு மணி நேரம் முன்னதாக அழைக்கவும்.

அழைக்கிறேன்.
ஒரு ஆள். ஆறு பதினெட்டுக்கு. பிரென்ஸ்லாவ் ஸ்டேஷன்.
என் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லி முடிப்பதற்குள்
பால் பொங்கி வழிந்துவிடுகிறது.
கூப்பிட்டால் வரும் பேருந்துதான்,
வாசலுக்கு வர மட்டும் விதியில் இடமில்லை.

மாவட்ட அலுவலகத்தில் வரைபடம் காட்டினார்கள்.
கம்பத்தின் மேல் காம்பஸை ஊன்றி
அறுநூறு மீட்டருக்கு ஒரு வட்டம்.
உள்ளே இருப்பவர்கள் போக்குவரத்து வசதி பெற்றவர்கள்.
எங்கள் நாலு வீடும் கோட்டுக்கு வெளியே,
கடுகு வயலுக்கு அந்தப் பக்கம்.
பொறியாளர் நல்லவர், காபி கொடுத்தார்.
மார்ச் மாதத்துக் காற்று காகிதத்தில் வீசாது,
அவர்தான் என்ன செய்வார்?
மனு கொடுத்தோம்.
பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது,
பரிசீலனையில் இருக்கிறதாம்.

முதலில் நகர்த்தியது யாரென்று
சத்தியமாய் எனக்குத் தெரியாது.
ஒரு திங்கட்கிழமை கம்பம்
தபால்பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றது.
அடுத்த வாரம் லிண்டன் மரத்தடியில்.
புல்லில் ஏதோ இழுபட்ட தடம்.
டெட்லெஃபின் தள்ளுவண்டியில் சிமெண்டுத் தூள்.
ஹலினாவுக்குத் திடீர் முதுகுவலி.
நான் எதுவும் கேட்கவில்லை.
என் உள்ளங்கைத் துருவை
அவர்களும் கேட்கவில்லை.

ஓட்டுநர் வீப்கே
வாரத்துக்கு வாரம் கொஞ்சம் தள்ளி பிரேக் பிடித்தாள்.
ஒரே ஒரு நாள், டிக்கெட்டை நீட்டியபடி:
"இப்படியே போனால் கோடைக்குள்
உன் அடுப்படியில்தான் வண்டியைத் திருப்பவேண்டும்."

நேற்று இருட்டோடு நடந்து வந்தால்
கம்பத்தைக் காணோம்.
நாற்பது எட்டு பின்னால் நின்றது, மில் வீட்டுப் பக்கமாய்.
செல்லோடேப்பில் ஒட்டிய நோட்டுத்தாள்,
பள்ளிக்கூடக் கையெழுத்து:
"எனக்கும் தூரம்.
கிளாரினெட் பெட்டி கனம்.
யோலாண்டா."

எங்கள் வட்டம் நகர நகர
அந்தப் பக்கம் ஒரு வீடு
வெளியே விழுந்திருக்கிறது.
நாங்கள் நாலு பேரும் இந்தக் கோட்டை மட்டுமே பார்த்திருந்தோம்.

இன்று காலை அழைத்தேன்.
இரண்டு ஆள், என்றேன்.
"எங்கிருந்து?"
கொஞ்சம் யோசித்தேன்.
கம்பம் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து,
வீப்கேக்குத் தெரியும்.